பனமலை உமை ஓவியம்: துண்டும் முழுமையும்

மரக்காணத்து உப்பளக் கரையை உள்ளடக்கிய விழுப்புரம் மாவட்டத்தில், பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலை எழுப்பியவன் இராசசிம்ம பல்லவன். அங்குத் துணைச் சிற்றாலயச் சுவரில் எஞ்சியுள்ள உமையைத் தனியுருவாக அச்சிட்டுப் பாராட்டும் வழக்கம் குறையுடையது. ஒரு காலை மடித்துக் குடைநிழலில் நிற்கும் அவள், அடுத்த சுவரில் ஆடும் சிவனைக் காண்கிறாள். அவ்வாடலுருவோ பெரிதும் அழிந்துவிட்டது. பார்வையின் இலக்கை நீக்கினால் அந்நிலைக்குப் பொருளில்லை.

இத்தாலியில் இரஃபேல் 1500 டிசம்பரில், தம் 17ஆம் வயதில், மூத்த ஓவியர் ஒருவருடன் இணைந்து வரைய ஒப்பிய பரோன்சி பலிபீட ஓவியமும் 1789 நிலநடுக்கத்தில் சிதைந்ததே. ஆயினும் ஒப்பந்தம் எஞ்சியது. அது அவரை ‘ஆசான்’ என்றே குறிக்கிறது. ஆகவே அவரது தொடக்கநிலைக் கைவண்ணத்தைத் துண்டுகளிலும் தேட இயலுகிறது. பனமலை ஓவியனுக்கோ பெயருமில்லை, ஆவணமுமில்லை. காஞ்சிக் கைலாசநாதர் கோயில் ஓவியங்களோடு ஒப்பிட்டே அவன் பயிற்சியை உய்த்துணர வேண்டும். அவ்வொப்பீடும் உமையின் முகவனப்பினின்று அன்றி, மங்கிய ஆடலுருவின் எஞ்சிய கோடுகளினின்றே தொடங்குதல் தகும்.