சாம்பல் நிறத்தை ரசிப்பது எப்படி?

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் மாங்குயில், மீன்கொத்தி, மயில் என்று பளிச்சென்ற நிறங்களின் பின்னாலேயே ஓடுகிறார்கள். லத்தீன் பெயரைக் கண்டால் அது கல்லூரிக்காரர்கள் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இழப்பு அவர்களுக்குத்தான். 'சினேரியஸ்' என்ற ஒரு சொல்லை மட்டும் தெரிந்துகொண்டு, ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில் உள்ள சாமல்பட்டியில் இறங்கி, சுற்றியுள்ள கரட்டுப் பக்கம் ஒரு காலை நடந்து பார்க்கலாம்.

பாடம் சின்னது. சினேரியஸ் என்றால் சாம்பல் நிறம். பேரினப் பெயரின் பாலுக்கேற்ப சினேரியா, சினேரியம் என்று வால் மாறும். இலக்கணம் முடிந்தது.

சாம்பல் நாரை, ஆர்டியா சினேரியா. 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர். பார்த்ததும் விளங்கிவிடும், அதனாலேயே சுவை குறைவு. மோட்டாசில்லா சினேரியா அப்படியல்ல. குளிர்காலத்தில் ஓடைக்கரைகளுக்கு வரும் இந்த வாலாட்டிக்கு வயிறு நல்ல மஞ்சள். பெயரே தப்பு என்பார்கள் அவசரக்காரர்கள். முதுகைப் பார்க்க வேண்டும் சாமி! பட்டாணிக்குருவியான பாரஸ் சினேரியஸ் இன்னும் மேல். ஐரோப்பியப் பட்டாணிக்குருவிக்கு முதுகு பச்சை, வயிறு மஞ்சள். நம்மூர்க் குருவிக்கு முதுகு சாம்பல், வயிறு வெளிறிய வெள்ளை. இரண்டும் ஒரே இனம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். வித்தியாசமோ பறவையியலாளர் வியேயோ 1818இல் சூட்டிய பெயரிலேயே இருந்தது.

செடிகளில்தான் உண்மையான விருந்து. விடத்தேரை, டைக்ரோஸ்டாகிஸ் சினேரியா. தொங்கும் பூங்கதிரில் மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். சாம்பல் எங்கே? இளங்கிளையில் படிந்திருக்கும் நுண்முடியில். சீதேவி செங்கழுநீர், சயாந்திலியம் சினேரியம். பூ ஊதா, சாம்பல் தண்டிலும் இலையிலும். இரண்டிலும் பேரினப் பெயர் பூவைச் சொல்கிறது, சினேரியஸ் உடம்பைச் சொல்கிறது. பூவைப் படமெடுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டும் இன்றைய நாகரிகத்துக்கு இது எப்படிப் பிடிபடும்? பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வேண்டும்.

இனி முக்கியமான சங்கதி: சினேரியஸ் வேறு, கிரிசியஸ் வேறு. வில்லியம் ஸ்டெர்ன் 1966இல் வெளியிட்ட தாவரவியல் லத்தீன் நூல் இதைப் பிரித்துக் காட்டுகிறது. வெள்ளையும் கறுப்பும் கலந்து இடையில் நிற்பது சினேரியஸ். லேசாக நீலத்துக்குச் சாய்ந்தால் கிரிசியஸ். வெண்மைக்குச் சாய்ந்து நரைத்தால் கானஸ். மூன்றையும் சாம்பல் என்று ஒரே சொல்லில் அடைத்துவிடும் கையேடுகளை என்ன சொல்ல? உழவு நிலங்களில் திரியும் சாம்பல்தலை வானம்பாடி, எரெமோப்டெரிக்ஸ் கிரிசியஸ். ஆங்கிலத்தில் 'ஆஷி', அதாவது சாம்பல், என்று அழைக்கப்படும் பறவைக்கு லத்தீனில் கிரிசியஸ். ஆங்கிலத்தில் வெறும் 'கிரே' ஆன நாரைக்கு சினேரியா! குளக்கரை மடையானின் கிரேயி என்ற பெயரிலோ நிறமே இல்லை. அது ஜான் எட்வர்ட் கிரே என்ற விலங்கியலாளரின் பெயர்.

நமக்குள் இருக்கட்டும்: பெயர் வைத்தவர்களே இந்தப் பிரிவினையை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை. பறவைக்காரர்கள் மகா மோசம். ஆனாலும் இது நீலம் பாய்ந்த சாம்பலா, பாயாததா என்று கேட்கப் பழகிய கண், விடத்தேரைக் கிளையைச் சும்மா தாண்டிப் போகாது.

சாமல்பட்டிவரை போக முடியாதவர்கள் வீட்டுச் சுவரோரம் குனிந்து பாருங்கள். சீதேவி செங்கழுநீர் அங்கேயே களையாக முளைத்துக் கிடக்கும். பூவை விட்டுவிட்டுத் தண்டிலிருந்து தொடங்குங்கள்.