செவிலி கூற்று

அகப்பாடல்களின் கீழே யார் பேசுகிறார் என்று ஒரு குறிப்பு இருக்கும்: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. வகுப்பில் செவிலியை வளர்ப்புத்தாய் என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். பாடல்களுக்குள் அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்தால் வேறு ஆளாகத் தெரிகிறாள். மகளின் தோள் மெலிவதையும் நிறம் மாறுவதையும் உறக்கம் கெடுவதையும் கவனிப்பவள் அவள். மகள் உடன்போக்கில் சென்றபின் சுரத்தில் எதிர்வருவோரை நிறுத்தி விசாரிப்பவள் அவள். குறுந்தொகையின் 167ஆம் பாடலில், மகளின் புதுமனைக்குப் போய்வந்து, அவள் புகையில் நின்று சமைத்ததையும், கணவன் உண்டபோது அவள் முகத்தில் மெல்லத் தெரிந்த மகிழ்ச்சியையும் நற்றாய்க்கு எடுத்துச் சொல்கிறாள். பார்ப்பதும் பார்த்ததைச் சொல்வதும் அவள் தொழில். 'நர்ஸ்' என்பதற்குச் செவிலியர் என்று பெயர் வைத்த நாம், பார்க்கும் வேலையை அவருக்குக் கொடுத்தோம். சொல்லும் உரிமையையும் கொடுத்தோமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெண்களும் உண்டு. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என நான்கு ஊர் மருத்துவமனைகளில் நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை எலவனாசூர்கோட்டையைத் தாண்டித்தான் உளுந்தூர்பேட்டையை அடைகிறது. அந்த நாட்களின் சைரன் ஒலி இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இன்னும் மறக்கவில்லை. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்குப் பிறகுதான் பார்வை மங்கும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும், நினைவு தப்பும். அந்த மாற்றத்தை முதலில் காணக்கூடியவர் கட்டிலருகே நிற்பவர். அமைச்சர்கள் பேசியதை, எதிர்க்கட்சிகள் பேசியதை, உறவினர் அழுததைப் படித்தோம். ஒருநபர் ஆணையம் அமைந்தது, வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. நான் படித்த செய்திகளில் செவிலி கூற்று மட்டும் இல்லை.

இந்தக் கேள்வியோடுதான் தீவிர சிகிச்சைச் செவிலியம் பற்றிய ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன். தமிழ் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். அந்த ஆய்வுகள் உடலை வாசிப்பதைப் பற்றியவை. கனடாவின் செலீன் ஜெலினா ஒரு செவிலியர். வாய்பேச முடியாத நோயாளியின் வலியை அளக்க அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கருவி 2006இல் வெளிவந்தது. முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு உடல் ஒத்துப்போகிறதா என்ற நான்கையும் பார்த்து 0 முதல் 8 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மெய்ப்பாட்டியல் படித்தவர்களுக்கு இது அந்நியமாக இராது. தொண்டையில் குழாய் இருப்பவருக்கு வலிக்கிறது என்பதை வேறொருவர் உடலிலிருந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'தாயுள்ளம்' என்று நாம் புகழ்ந்து ஒதுக்கிவைக்கும் இந்தத் திறமை, கற்றுக்கொள்ளவும் கற்பிக்கவும் சரிபார்க்கவும் கூடிய அறிவு என்று அந்த ஆய்வு நிறுவியது.

லிண்டா எய்க்கனும் செவிலியராக இருந்து ஆய்வாளர் ஆனவர். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றி அவர் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் காட்டியது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் செய்த ஆய்விலும் ஏறக்குறைய அதே எண் வந்தது; பட்டம் படித்த செவிலியர் பங்கு 10 சதவீதம் கூடியபோது இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் குறைந்ததையும் அது கண்டது. இவை பொது அறுவை வார்டுகளின் கணக்கு. நிமிடத்துக்கு நிமிடம் நிலை மாறும் ஐசியூவில் ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க இந்தக் கணக்கே போதும்.

ஆனால் இந்த ஆய்வுலகத்தையும் கேள்வி கேட்காமல் ஏற்க முடியாது. ஐசியூவில் வரும் மனக்குழப்பத்தை ஊரில் 'சன்னி கண்டிருக்கிறது' என்பார்கள். பெண்ணுக்கு வந்தால் பேய் என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. இதைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் சோதனை அமெரிக்காவில் உருவாகி 2001இல் வெளிவந்தது. அதன் ஒரு பகுதியில் செவிலியர் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். 'ஏ' வரும்போதெல்லாம் நோயாளி அவர் கையை அழுத்த வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்பட்ட, பள்ளிக்கூடமே போகாத பாட்டி அழுத்தாவிட்டால் அவருக்குச் சன்னியா, ஆங்கிலம் தெரியவில்லையா? படங்களைக் காட்டிச் சோதிக்கும் வழியும் உண்டு. எந்தப் படம், எந்தச் சொல் இந்தப் பாட்டிக்குப் பழக்கமானது என்பதை இந்த மலையையும் பேச்சையும் அறிந்த செவிலியர்தான் சொல்ல முடியும். அவரை ஆய்வாளராக நாம் எண்ணிப் பார்த்ததே இல்லை.

இந்த ஆய்வுகளில் என்னை அதிகம் ஈர்த்தது ஐசியூ நாட்குறிப்பு. ஸ்காண்டினேவிய நாடுகளின் செவிலியர் தொடங்கிய பழக்கம் இது. நினைவில்லாமல் கிடக்கும் நோயாளியை முன்னிலையாக்கி, 'இன்று உங்களைத் திருப்பிப் படுக்க வைத்தோம். உங்கள் மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்' என்பதுபோல எளிய சொற்களில் அன்றாடம் எழுதிவைக்கிறார்கள். பிழைத்து எழுபவருக்கு அந்த நாட்கள் நினைவில் இருப்பதில்லை. யாரோ கட்டிப்போட்டார்கள், கொல்ல வந்தார்கள் என்ற பயங்கரக் காட்சிகளே மிஞ்சக்கூடும். இழந்த நாட்களை நாட்குறிப்பு அவருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கிறிஸ்டினா ஜோன்ஸ் தலைமையில் ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், நாட்குறிப்பு பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 13 சதவீதத்தினருக்கும் புதிதாக மனவடு நோய் கண்டது. 2019இல் பிரான்சின் 35 ஐசியூக்களில் நடந்த பெரிய ஆய்வோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. அதனால் நாட்குறிப்பை மருந்துபோல எழுதிக்கொடுத்துவிட முடியாது. மாத்திரையைச் சோதிக்கும் முறையில் மட்டும் அதை எடைபோடுவதும் குறையே. மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில் நாடித்துடிப்பும் மருந்தளவும் இருக்கும். அதில் பேசுபவர் என்று யாரும் இல்லை. நாட்குறிப்பில் ஒருத்தி தான் கண்டதை இன்னொருத்திக்குச் சொல்கிறாள். கூற்று அங்கே திரும்பி வருகிறது.

கவனமாகப் படிக்க வேண்டிய இன்னொரு போக்கும் இருக்கிறது. ஐசியூ செவிலியரின் சோர்வையும் மனமுறிவையும் பற்றி ஏராளமாக எழுதுகிறார்கள். அதன் ஒரு பகுதி, செவிலியரின் 'மீண்டெழும் திறனை' வளர்ப்பது எப்படி என்பதில் போய் நிற்கிறது: மூச்சுப்பயிற்சி, தியானம், எழுத்துப் பட்டறை. இவை தனிப்பட்ட ஒருவருக்கு உதவலாம். ஆனால் மூவர் வேலையை ஒருவர் செய்யும் வார்டில் அவருக்குப் பொறுமை கற்றுக்கொடுப்பது, புகுந்தவீட்டில் அடங்கிப்போ என்று மகளுக்குச் சொல்லி அனுப்பும் பழைய அறிவுரைதான். அமைப்பின் குறை இங்கும் பெண்ணின் மனக்குறையாக மாற்றப்படுகிறது. செவிலியரில் ஆண்களும் உண்டு. இது பெண்கள் வேலை என்று வைக்கப்பட்ட விலை அவர்களையும் சேர்த்தே பாதிக்கிறது.

அந்த விலையைத் தமிழ்நாடு வெளிப்படையாகவே நிர்ணயித்தது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுதி வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. அது பொய்த்தபோது 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கூடிப் போராடினார்கள். 2020 மே 3 அன்று கொரோனா மருத்துவமனைகள்மீது ஹெலிகாப்டர்கள் பூத்தூவின. அந்தத் தொற்றுக்காலத்தில் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிந்தது. சேவை, தியாகம், தாய்மை என்ற சொற்கள் இங்கே செய்யும் வேலை இதுதான்: அறிவை இயல்பாக்கி, இயல்புக்குக் கூலி எதற்கு என்று கேட்கின்றன.

எலவனாசூர்கோட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் நர்சிங் படிக்கப் போகும் பெண்கள் பலர், தம் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால்வைக்கும் முதல் தலைமுறை. அவர்கள் கண்டதை எழுதும் இடம் ஒன்று வேண்டும்: தமிழில் ஒரு நாட்குறிப்பு, தமிழில் ஒரு வலி அளவுகோல், அவர்கள் பெயரில் ஓர் ஆய்வு. தமிழ்த்துறை மாணவிகள் செவிலியரிடம் போய், ட்யூட்டி மாறும்போது ஒருவர் அடுத்தவருக்கு என்ன சொற்களில் நோயாளியை ஒப்படைக்கிறார் என்று கேட்டு எழுதலாம். அது நல்ல ஆய்வேடாகும். கூட்டச்சாவு எதுவானாலும் அதை விசாரிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு: அன்று இரவு ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்? அவர் எதைக் கண்டார், யாரிடம் சொன்னார்?