பழைய யந்திரங்களின் லக்ஷணம்

மரவேலையில் புதிதாக ஆசை கொண்டவர் முதன்முதலில் ஒரு மின்கருவி வாங்கப் புறப்படும்போது, கண்ணாடிப் பேழைக்குள் பளபளக்கும் புதுச் சரக்கை நாடிப் போவது சகஜந்தான். ஆனால் கருவியைப் பற்றிய ஞானம் அவருக்கு உண்டாக வேண்டுமானால், யாரோ ஒருவர் கையில் வருஷக்கணக்காக உழைத்து, பிடியெல்லாம் வழுவழுப்பேறி, மின்கம்பி ஒட்டுப்போடப்பட்டு, இடுக்கெல்லாம் மரத்தூள் அப்பிக் கிடக்கும் பழைய யந்திரம் ஒன்றைத் தூக்கிப் பார்ப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். புதுக் கருவி தன் குணதோஷங்களை இன்னும் வெளியிடவில்லை. பழையதோ, பார்க்கத் தெரிந்தவரிடம் எதையும் ஒளிப்பதில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வித்தையைப் பழக இடத்துக்குப் பஞ்சமில்லை. ஜப்பானில் உழைத்து ஓய்ந்த கருவிகள் கப்பலேறி வந்து இங்குள்ள பழைய சாமான் கடைகளில் குவிகின்றன. சுங்கை பூலோ பக்கத்து மரச்சாமான் பட்டறை எதையாவது மூடினால் அதன் தட்டுமுட்டுகளும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். நம்மவர்களுக்கு யந்திரம் அந்நியமும் அன்று. பிரிக்பீல்ட்ஸில் 2001-ல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிற்கும் நிலம் முன்பு ரயில் பெட்டிகளைக் கோத்தும் பிரித்தும் அனுப்பிய யார்டு. செந்தூல் ரயில் பட்டறையிலோ தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். அப்பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், திருப்புளியின் முனையை ஓடும் யந்திரத்தின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு அணைத்துக்கொண்டு, உள்ளே பேரிங் நல்ல நிலையில் இருக்கிறதா, மணல் அரைக்கிறதா என்று சொல்லிவிடுவார். கருவி வாங்குவதற்கு இதைவிடச் சிறந்த பரீக்ஷை எனக்குத் தெரியாது.

டிரில், வட்டவாள், மின் இழைப்புளி ஆகிய கைக்கருவிகளில் பெரும்பாலானவற்றின் ஹிருதயம் ஒரே ஜாதி மோட்டார்தான்: சுழலும் ஆர்மெச்சர், அதன் ஒரு கோடியில் செப்புப் பட்டைகள் பதிந்த கம்யூட்டேட்டர், இருபுறமும் அதை உரசி மின்சாரம் கடத்தும் இரண்டு கார்பன் கட்டைகள். கிள்ளானில் நான் வழக்கமாகப் போகும் கடையில், விலை கேட்க வாயெடுத்தாலே கடைக்காரர், "தம்பி, மொதல்ல கரண்டுல போட்டுப் பாருங்க, வெள்ளியப் பத்தி அப்புறம் பேசலாம்" என்பார். கடையின் இருண்ட மூலையில் நின்று, காற்றுத்துளை வழியே உள்ளே பார்க்க வேண்டும். கார்பன் உரசுமிடத்தில் சின்னஞ்சிறு நீலப் பொறிகள் தெரிந்தால் பாதகமில்லை; நெருப்பு கம்யூட்டேட்டரை வளையமாகச் சுற்றி வந்தாலும், கருகிய வார்னிஷ் நெடி மூக்கில் ஏறினாலும், அந்த ஆர்மெச்சருக்கு ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு நாணயத்தால் பக்கவாட்டு மூடியைத் திருகிக் கார்பனை வெளியே எடுத்தால், இரண்டும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்கின்றனவா என்பதும், கம்யூட்டேட்டரின் மேனி சீரான காப்பி நிறத்தில் இருக்கிறதா, திட்டுத்திட்டாகக் கருத்திருக்கிறதா என்பதும் கண்கூடாகும். தேய்ந்த கார்பனுக்கு மாற்று சில வெள்ளிக்குக் கிடைத்துவிடும். ஆர்மெச்சரை மாற்றப் போனாலோ பழைய கருவியின் விலையே ஆகிவிடும். ஆகவே கார்பன் தேய்ந்ததென்று காட்டி விலையைக் குறைப்பது புத்திசாலித்தனம். கம்யூட்டேட்டர் கருத்ததைக் குறைந்த விலைக்காகப் பொறுத்துக்கொள்வது அசட்டுத்தனம்.

என் பட்சபாதம் மின் இழைப்புளியின் மீது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1915-ல் நகோயாவில் மோட்டார் விற்பனையும் பழுதுபார்ப்புமாகத் தொடங்கிய மக்கிட்டா நிறுவனம், 1958-ல் ஜப்பானிலேயே முதன்முதலாக மின் இழைப்புளியை விற்பனைக்குக் கொண்டுவந்து கைக்கருவித் தொழிலில் புகுந்தது. அந்த வம்சத்தின் 82 மில்லிமீட்டர் அகலக் கருவிகள் இன்றும் எந்தப் பழைய கடையிலும் கண்ணில் படும். இதன் அழகெல்லாம் இதன் வயிற்றுப்புறத்தில் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, கருவியைத் தலைகீழாக்கி, பின்தட்டின் மேல் ஓர் எஃகு அளவுகோலைப் படிய வைத்து, அதன் நுனி கத்தியின் மேல் நீளும்படி செய்து, உருளையைக் கையால் மெல்லச் சுழற்றினால், கத்தியின் விளிம்பு அளவுகோலின் அடியை வருடியும் வருடாமலும் கடந்து போக வேண்டும். வீணையின் தந்தியை மீட்டாமல் தொடும் விரலின் லாகவம் அது. அளவுகோலைத் தூக்கி எறிந்தாலோ தொடாமலே போனாலோ, கத்தியைச் சரியாகப் பொருத்தவில்லை என்று பொருள். அது திருகில் தீரும் சங்கதி. ஆனால் ஆழத்தைப் பூஜ்யத்தில் நிறுத்திய பிறகும் முன்தட்டும் பின்தட்டும் ஒரே சமதளத்தில் சேராமல், அளவுகோலுக்கு அடியில் ஒரு பக்கம் வெளிச்சம் கசிந்தால், கருவி எங்கோ உயரத்திலிருந்து விழுந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது. மேலே புதுப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவரும் கருவிகளிடம் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. அழுக்கு யோக்கியமானது, துடைத்தால் போய்விடும்.

ஜப்பானியச் சரக்கில் ஒரு கண்டம் காத்திருக்கிறது. அந்நாட்டு வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் சுவரிலிருந்து வருவது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பெயர்ப் பலகையைப் படிக்காமல், பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினால், அதிர்ஷ்டமுள்ளவருக்குப் புகையோடு போகும். அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை, கருவி இழுக்கும் வாட்டுக்கு மேற்பட்ட திறனில் வாங்கினால்தான் அது உதவும். அந்த விலையையும் கூட்டிப் பார்த்தே பேரம் பேச வேண்டும். கார்பன் உள்ள மோட்டாருக்கு 50, 60 ஹெர்ட்ஸ் பேதம் ஒரு பொருட்டன்று. கார்பன் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார் பூட்டிய மேஜைவாளின் கதை வேறு: ஒசாகா பக்கத்து 60 ஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்டதை இங்குள்ள 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து உடம்பும் சூடேறும். அத்தகையதைத் தொடக்கக்காரர் விட்டுவிடுவதே க்ஷேமம்.

பேட்டரிக் கருவிகளைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. உடம்பு நன்றாயிருந்தாலும் உயிர் போயிருக்கும், புது உயிரின் விலை உடம்பைவிட அதிகம். வட்டவாளில் மட்டும் ஒரு விஷயத்தைக் கறாராகப் பார்க்க வேண்டும். கீழ்க்காப்பு மூடியைத் தூக்கி விட்டால், அது தானாகவே துள்ளி வந்து பல்லை மூடிக்கொள்ள வேண்டும். வேலை விரைந்து நடக்க வேண்டுமென்று அதைக் கம்பியால் கட்டியோ ஆப்பு வைத்தோ நிறுத்தியிருந்தால், கடைக்காரர் கொடுக்கும் சலுகை எதுவானாலும் வந்த வழியே திரும்பிவிடலாம். கிரைண்டரில் மரமறுக்கும் தட்டைப் பூட்டி விற்பவரிடமும் அப்படியே. புதியதன் விலையில் பாதிக்கு மேல் கேட்டாலும் நான் நகர்ந்துவிடுவேன்.

வாங்கி வந்த இழைப்புளியைப் பழக ரப்பர் மரத்தைப் போல உகந்தது வேறில்லை. நம் முன்னோர் தோட்டங்களில் பால் வெட்டிய அதே மரம், பால் ஓய்ந்து வெட்டப்பட்ட பின் இந்நாட்டு மரச்சாமான் தொழிலுக்கு மூலப்பொருளாகிறது. வெளிர் நிறமும் மிதமான கடினமும் உடைய அது, கத்தி கூராக இருந்தால் சுத்தமான சிறு சீவல்களையும், மழுங்கியிருந்தால் வெறும் தூளையும் உதிர்த்து, பழகுபவருக்குத் தவறாமல் பதில் சொல்லும். வெள்ளை மெராந்தி பார்வைக்குச் சாதுவாக இருந்தாலும் உடம்பில் சிலிக்கா உடையது, கத்தியின் வாயைச் சீக்கிரமே மழுக்கிவிடும். அதில் கை வைக்கும் முன் புதுக் கத்தி ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கத்தியை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது.