யாரைக் கேட்டு எடுப்பது? – தெருப் படங்களும் திருகோணமலையும்

ஹென்றி கார்டியே-பிரெசோன் 1952இல் வெளியிட்ட ஒளிப்படத் தொகுதியை நம்மவர்கள் 'தீர்மானிக்கும் கணம்' என்றே அறிந்துவைத்திருக்கிறார்கள். அது ஆங்கிலப் பதிப்புக்கு இடப்பட்ட பெயர். பிரெஞ்சுத் தலைப்பு வேறு. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நடைபாதையில் சாமான் பரப்பி, பொலிஸைக் கண்டதும் சுருட்டிக்கொண்டு ஓடுகிற அங்காடி வியாபாரியோடு சேர்த்து வழங்கும் சொல் அதிலே இருக்கிறது. அவசரத்தில், அரைக் களவாக எடுத்த படங்கள் என்று அதனைச் சொல்லலாம். ஆங்கிலத்துக்கு வந்த வழியில் நடைபாதை வியாபாரி தத்துவவாதியாகிவிட்டார்.

தெருப் படம் எடுக்கப் பழகும் நமது இளைஞர்கள் ஆங்கிலத் தலைப்பின் வழியே வந்தவர்கள். நெருங்கிப் போ, கேட்காதே, கணத்தைப் பிடி என்பதே அவர்கள் கற்ற பாடம். திருகோணமலையின் தெருக்களில் இந்தப் பாடம் அப்படியே செல்லுபடியாகுமா என்பதுதான் என் கேள்வி.

துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் எடுக்கப்படும் படங்களைச் சில வருடங்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பிரட்றிக் கோட்டை மான்கள், கோணேசர் மலையில் சூரியோதயம், மினுங்கும் கடலுக்கு முன்னால் கருநிழலாய் வலை இழுக்கும் மீனவர். கருநிழல் மிகவும் வசதியானது. முகம் இல்லாதவனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவன் எந்தக் கரையிலிருந்து எந்த வருடம் இடம்பெயர்ந்து வந்தவன் என்றும் கேட்க வேண்டியதில்லை. இப்படங்களை அழகில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இவற்றிலே தெரு இல்லை. உல்லாசப் பயணிக்கு விற்கும் அஞ்சலட்டைதான் இருக்கிறது.

மறுபுறத்தில், முகத்தைத் தேடிப் போகிறவர்கள் சந்தைக்குள் கமராவை நீட்டுகிறார்கள். இங்கே ஒரு தலைமுறை முழுவதும் சோதனைச் சாவடிகளில் தன் முகத்தை அடையாள அட்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்தே வளர்ந்தது. படம் என்பது அவர்களுக்கு ஞாபகத்தின் பொருள் மட்டுமல்ல, அதிகாரத்தின் கையிலிருந்த ஒரு தடயமும்கூட. எனது மாணவன் ஒருவன் கருவாடு விற்கும் தாயொருவரை நோக்கிக் கைத்தொலைபேசியை உயர்த்தியபோது அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக் கேட்டது இதுதான்: "தம்பி, எண்ட படத்த எங்க கொண்டு குடுக்கப் போற?" ஒளிப்பட விமர்சன நூல்கள் பலவற்றிலும் கிடைக்காத கேள்வி. (உருவப்படம் கூடுமா கூடாதா என்ற பழைய தர்க்கத்துக்குள் நான் இறங்கவில்லை. கல்யாண அல்பங்கள் அதனை எப்போதோ முடித்துவைத்துவிட்டன.)

அப்படியானால் எப்போதும் கேட்டுத்தான் எடுக்க வேண்டுமா? இங்கேதான் விடயம் சிக்கலாகிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பில் கூறப்பட்டது. துறைமுக அதிகார சபையில் வேலை பார்த்துக்கொண்டே 'சுடர் ஒளி'க்குச் செய்தி அனுப்பிவந்த சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அந்த உடல்களைப் படமெடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அப்படங்களில் தெளிவாகத் தெரிந்தன. பத்திரிகையில் அவை வெளிவந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கின் சந்தேக நபர்கள் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். படங்கள் மட்டும் விடுவிக்கப்படாமல் இருக்கின்றன.

அப்படங்களில் ஒளியமைப்பைப் பற்றியோ சட்டகத்தைப் பற்றியோ பேசுவது அபத்தம். அதிகாரம் பொய் சொல்லும்போது அதனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கருவாட்டுக் கடைத் தாயிடம் கேட்டே ஆகவேண்டும். தெருப் படத்தின் அறம் கமராவின் தூரத்தில் இல்லை, எதிரே நிற்பவரின் பலத்தில் இருக்கிறது. எல்லோரையும் ஒரே மாதிரிக் களவாக எடுக்கும் கலைஞனை எவ்வளவு பெரிய பெயராயினும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

நமது சூழலுக்குக் கார்டியே-பிரெசோனைவிட அவருக்கு முந்திய இயூஜின் அட்ஜே நெருக்கமானவர். பழைய பரிஸ் இடிபட்டுக்கொண்டிருந்த காலத்தில், கனத்த மரக் கமராவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனவர். கடை முகப்புகள், படிக்கட்டுகள், சந்துகள் என்று எடுத்தார். தன் படங்களைக் கலை என்றுகூட அவர் அழைக்கவில்லை. ஓவியருக்கான ஆவணங்கள் என்றே விற்றார். 1927இல் அவர் காலமான பின்னரே உலகம் அவரைப் பெரிதாகக் கண்டுகொண்டது.

இங்கும் தெருக்கள் மாறிக்கொண்டேயிருக்கின்றன. 2005 மே மாதத்தில் நகரின் சந்தைப் பகுதியில் ஓரிரவில் ஒரு புத்தர் சிலை எழுந்தது. கடையடைப்பும் பதற்றமும் தொடர்ந்தன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதோடு பாதையில் ஏறி இறங்கிய வாழ்க்கை முடிந்தது. என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளுக்குப் 'பாதை' என்றால் நடக்கிற வழி மட்டும்தான். இப்படிப்பட்ட இடங்களில் ஒரே மூலையை ஒரே கோணத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துவைக்கிற பொறுமை, ஆயிரம் தீர்மானிக்கும் கணங்களைவிடப் பெறுமதியானது.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. நான் பார்த்த இளைஞர் படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் திகதி இல்லை, இடம் இல்லை. கவிதை வரி மட்டும் இருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் பாடக்குறிப்பின் தலையில் திகதியும் வகுப்பும் எழுதாவிட்டால் எங்கள் விரிவுரையாளர் மேற்கொண்டு வாசிக்கவே மாட்டார். நானும் இப்படங்களோடு அவ்வாறே நடந்துகொள்கிறேன். மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களில் 61 குதங்களை இலங்கை – இந்தியக் கூட்டு நிறுவனமொன்றுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 2022 ஜனவரியில் கைச்சாத்தானது. காடு மூடிய அந்தப் பக்கம் இனி எப்படி மாறும் என்று யாரும் அறியார். அடுத்த தவணை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக எண்ணம். வேலிக்கு வெளியே நின்றுதான் எடுக்க வேண்டியிருக்கும்.