விண்மீனைத் தொடரும் வளையம்

ஓரியன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையை 200 மி.மீ. லென்ஸில் 30 விநாடி படம் எடுத்தால், மூன்று நட்சத்திரமும் மூன்று கோடுகளாக விழும். பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது. விகலை என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. 4 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவில் இந்த நகர்வு 30 விநாடிக்குள் நூறு பிக்சலைத் தாண்டிவிடும். அதை ஈடுகட்ட, கேமராவைப் பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் திருப்பியாக வேண்டும்.

1975-இல் ஜார்ஜ் ஹேக் என்பவர் இரண்டு பலகை, ஒரு கீல், கையால் திருகும் ஒரு ஸ்குரூ ஆகியவற்றை வைத்தே இதைச் செய்துகாட்டினார். அந்த வழியில் வந்ததுதான் ஓப்பன் ஆஸ்ட்ரோ ட்ராக்கர். இதன் வரைபடமும் மென்பொருளும் எல்லோருக்கும் இலவசம். 3டி பிரிண்டரும் பொறுமையும் இருந்தால் வீட்டு மேஜையிலேயே செய்துவிடலாம்.

முதல் அச்சு ஒரு பெரிய வளையம். ஸ்கேட் போர்டு சக்கரத்தில் இருக்கும் அதே 608 பேரிங்குகளின் மேல் அது உருள்கிறது. கேமரா அந்த வளையத்துக்குள் உட்கார, வடக்கு தெற்காகச் சாய்க்கும் இரண்டாம் அச்சும் அங்கேயே அமைகிறது. 16 பல் கொண்ட சிறிய புல்லி, பல் பெல்ட் வழியாக வளையத்தை இழுக்கிறது. முழு வட்டமாகக் கணக்கிட்டால் வளையத்தின் சுற்றளவு 1,130 மி.மீ. அளவில் வரும். புல்லி ஒரு சுற்றுக்கு 32 மி.மீ. பெல்ட்டைத்தான் நகர்த்தும் என்பதால், மோட்டாரின் வேகம் 35 மடங்கு குறைகிறது. தனி கியர்பாக்ஸ் வாங்கும் செலவு இதில் மிச்சம்.

ஆரம்ப வடிவத்தில் 28பிஒய்ஜே-48 என்ற மலிவான கியர் மோட்டார் இருந்தது. காகிதத்தில் அதுவும் மோசமில்லை. மோட்டாரின் ஓர் அடிக்கு (ஸ்டெப்) வளையம் 9 விகலை நகரும். ஆனால் தண்டை விரலால் லேசாக அசைத்தாலே உள்ளிருக்கும் கியர் பற்களின் ஆட்டம் தெரியும். நெமா 17 ஸ்டெப்பர் மோட்டாரும் அதை இயக்கும் டிஎம்சி 2209 டிரைவரும் வந்தபின் அந்தத் தொல்லை போயிற்று. ஒரு சுற்றுக்கு 200 அடி, ஒவ்வோர் அடியும் 256 துண்டு. கணக்குப்படி ஒரு துண்டு முக்கால் விகலைக்கும் குறைவு. உண்மையான துல்லியம் அந்த அளவுக்கு வராது. ஆனால் ஓட்டம் பட்டுப்போல இருக்கும், சத்தமும் கேட்காது. இது செய்தே தீர வேண்டிய மாற்றம்.

மோட்டார் மாற்றிய பிறகும் நட்சத்திரம் நீள்கிறதா? அப்படியானால் வளையத்தின் வெளிப்புறத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பிரிண்டர் விட்டுச்சென்ற சிறு மேடு ஒன்று தட்டுப்படக்கூடும். அது பேரிங்கின் மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் படம் துள்ளும். நைஸான உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம். கேமராவின் எடையைக் கிழக்குப் பக்கம் மிகச் சிறிதாகக் கூட்டி வைத்தால் பெல்ட் எப்போதும் ஒரே பக்கம் இழுபட்டு நிற்கும். இந்த இரண்டுக்கும் பெரிய செலவில்லை. புதிய கட்டுப்பாட்டு போர்டு வாங்குவதைவிட இவை தரும் பலன் பெரிது.

அடுத்தது திசை. வளையத்தின் அச்சு வான துருவத்தை நோக்க வேண்டும். துருவ நட்சத்திரம் அந்தப் புள்ளியிலிருந்து அரைப் பாகைக்குச் சற்று மேல் விலகி நிற்கிறது. அதையே துருவமாக எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்குப் பத்து விகலை வரை படம் நழுவும். இதைச் சரிசெய்ய அடித்தளத்தில் இன்னும் இரண்டு மோட்டார்களைப் பொருத்தும் ஆட்டோபிஏ என்ற துணைக்கருவி உண்டு. அதோடு மொத்தம் நான்கு அச்சுகள். சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகைதான் எழும். கன்னியாகுமரியில் 8 பாகை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். அதைப் பார்க்காமலே திசையைத் திருத்த உதவுவதால், நம் ஊரில் இந்தத் துணைக்கருவிக்கு மதிப்பு அதிகம்.

கட்டுப்பாடு எளிது. தொலைநோக்கிகளுக்கான எல்எக்ஸ்200 கட்டளை மொழியை ட்ராக்கர் புரிந்துகொள்வதால், கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளைத் திறந்து ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் கேமரா அங்கே திரும்புகிறது.

குறைகளும் உண்டு. வளையம் முழு வட்டம் இல்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். 3டி பிரிண்டரில் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். மோட்டாரைத் தாங்கும் பாகங்களை அதைவிடச் சூடு தாங்கும் பிஇடிஜி-யில் அச்சிடுவது நல்லது. வெயிலில் நிற்கும் காருக்குள் இதை விட்டுவைக்கவே கூடாது.

முதல் முறை செய்பவர்கள் 50 மி.மீ. லென்ஸோடு தொடங்கட்டும். 200 மி.மீ. லென்ஸைவிட அது பிழையை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டும். பெல்ட், பேரிங், அடித்தளம் மூன்றும் ஆட்டமில்லாமல் நிற்பது உறுதியான பிறகு நீளமான லென்ஸுக்குப் போகலாம்.