மிரட்டாத குரல்

ஒலிநூல்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இப்போது இரண்டு கருத்துகள் அடிபடுகின்றன. எழுதியதோடு எழுத்தாளர் வேலை முடிந்தது, வாசிப்பதை நடிகர்களிடம் விட்டுவிட வேண்டும் என்பது ஒன்று. ஒலியில் பேய்க்கதை கேட்பது பாட்டி கதைக்குத் திரும்புவதுதான் என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்பவர்கள் தொழில் தெரிந்தவர்கள்போலப் பேசுகிறார்கள். இரண்டாவதைச் சொல்பவர்களின் கண் கொஞ்சம் கலங்கியிருக்கும். இரண்டுமே தவறு என்பது என் கட்சி. திகில் கதையை எழுதியவரே வாசிப்பது நடிப்பும் அல்ல, வாய்மொழி மரபும் அல்ல. ஆங்கிலத்தில் அதற்கெனத் தனியாக ஒரு சின்ன வரலாறு உண்டு.

தொடக்கக் கட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1816இல் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் மழைக்கு ஒதுங்கிய பைரனும் ஷெல்லிகளும் பேய்க்கதை வாசித்ததையும், அதிலிருந்து ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பிறந்ததையும் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அன்று வாசித்தது பிறர் கதைகளை. நமக்கு அது தேவையில்லை.

டிக்கன்ஸ் தேவைப்படுகிறார், எதிர் உதாரணமாக. 1858 முதல் கட்டணம் வாங்கிக்கொண்டு தன் படைப்புகளை மேடையில் வாசித்தவர் அவர். தன் முகத்தில் வெளிச்சம் சரியாக விழ வேண்டும் என்பதற்காக எரிவாயு விளக்குச் சட்டத்தையும் சொந்த வாசிப்பு மேசையையும் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போனார். 1868 நவம்பரில் அழைக்கப்பட்ட சிலர் முன்னிலையில் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் நான்சி அடித்துக் கொல்லப்படும் பகுதியை வாசித்துப் பார்த்தார். வாசித்தார் என்பதைவிடக் கொன்றார் என்பதே பொருந்தும். கையை ஓங்கினார், அலறினார், கெஞ்சினார். அதன்பின் அந்தக் கொலையை விட அவருக்கு மனமில்லை. 1869 ஏப்ரலில் உடல்நிலை மோசமாகி மருத்துவர் பயணத்தை நிறுத்திவைத்தார். 1870இல் விடைபெறும் நிகழ்ச்சிகளின்போது நாடித்துடிப்பை அளந்துகொண்டே இருந்தார்கள். வழக்கமான 72, நான்சி இரவுகளில் 120ஐத் தாண்டியது. அந்த ஜூனில் இறந்துபோனார். அரங்கம் நடுங்கியது உண்மைதான். ஆனால் அது நடிகரைப் பார்த்து நடுங்கிய நடுக்கம். கதைக்கு அதில் பங்கு குறைவு.

மரபு தொடங்குவது வேறொரு அறையில். 1893 அக்டோபர் 28 அன்று கேம்பிரிட்ஜில் எம். ஆர். ஜேம்ஸ், ‘சிட்சாட்’ என்ற சிறு சங்கத்தின் கூட்டத்தில் தன் கதைகள் இரண்டை வாசித்தார். இடைக்காலச் சுவடிகளில் தோய்ந்த அறிஞர். பிறகு கிங்ஸ் கல்லூரியின் தலைவரானவர். பேய்க்கதை அவருக்குப் பொழுதுபோக்கு. நாளடைவில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நண்பர்களைத் தன் அறையில் உட்காரவைத்துப் புதுக்கதை வாசிப்பது வழக்கமாயிற்று. கடைசி வரியின் மை காய்ந்தும் காயாமலும் கைப்பிரதியோடு படுக்கையறையிலிருந்து வெளியே வருவாராம். மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக ஊதி அணைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒன்றின் அருகே உட்கார்ந்து தொடங்குவாராம்.

இந்த மெழுகுவர்த்திப் படத்தை வைத்துக்கொண்டு எழுதாத ஆள் இல்லை. தொலைக்காட்சியில் ஜேம்ஸ் கதை சொல்ல வந்த நடிகர்கள் எல்லோருக்கும் ஒரு சாய்வு நாற்காலியும் ஒரு சுடரும் கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரே ஒரு மெழுகுவர்த்தி மட்டும் ஏன் அணையாமல் இருந்தது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர் வாசிக்க வேண்டியிருந்தது, அதனால்தான். கதை சொல்லும் பாட்டிக்கு விளக்கு வேண்டாம். கும்மிருட்டிலும் சொல்வாள், வாயில் வருவதைச் சேர்ப்பாள், பேரன் தூங்கிவிட்டால் பேயை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவாள். ஜேம்ஸால் அது முடியாது. ஒவ்வொரு அரைப்புள்ளியும் எழுதி முடிக்கப்பட்ட வாக்கியம் அவர் கையில் இருந்தது. மாற்றவோ தப்பிக்கவோ அவருக்கே உரிமை இல்லாத வாக்கியம்.

நேர் எதிரான காட்சி ஒன்று ஜப்பானில் இருக்கிறது. லாஃப்காடியோ ஹெர்னுக்கு அவர் மனைவி செட்சு பேய்க்கதைகள் சொல்வார். விளக்குத் திரியைத் தாழ்த்திவிட வேண்டும். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது, உன் சொல்லில் உன் நினைப்பாகச் சொல் என்று ஹெர்ன் கேட்டுக்கொள்வாராம். செட்சு தம் நினைவுக்குறிப்பில் இதைப் பதிந்திருக்கிறார். அப்படிக் கேட்ட கதைகள் பல சேர்ந்த ‘குவைதான்’ வெளிவந்தது 1904இல். ஜேம்ஸின் முதல் தொகுப்பும் 1904இல்தான் வந்தது. செட்சு சொன்னது வாய்மொழி, ஜேம்ஸ் செய்தது வாசிப்பு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுப் பாட்டி கதை என்று பெயர் வைப்பது சோம்பேறித்தனம்.

ஜேம்ஸின் வாசிப்புக்குப் பல் உண்டு என்பதற்கு 1927 கோடை சாட்சி. ஈட்டன் பள்ளிச் சாரணர்கள் டார்செட் கடற்கரையில், வோர்பாரோ விரிகுடாவில் முகாமிட்டிருந்தார்கள். அவர்களுக்கென்றே ‘வெய்லிங் வெல்’ என்ற கதையை எழுதிக்கொண்டு போய்க் கணப்பருகே வாசித்தார். அதே முகாம், அதே சாரணர் கூட்டம், போகக் கூடாத கிணற்றுக்குப் போகும் ஒரு பையன். சில பையன்களுக்கு அன்றிரவு சரியான தூக்கமில்லை. திகில் கதைக்கு அடக்கம் வேண்டும், அப்பட்டம் கூடாது என்று இரண்டாண்டு கழித்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். குரலுக்கும் சேர்த்தே எழுதியதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து வரும் ஆல்ஜெர்னான் பிளாக்வுட்டிடம் எனக்கு மரியாதை உண்டு, அவருடைய புகழின் பிற்பகுதியிடம் இல்லை. 1930களில் வானொலியிலும் பிறகு தொலைக்காட்சியிலும் பேய்க்கதை சொல்லி நாடறிந்த முகமானார். சுருக்கம் விழுந்த முகம், நிதானமான பார்வை, கையில் தாள் கிடையாது. 1949இல் அரசு விருதும் வந்தது. ஆனால் ‘தி வில்லோஸ்’ எழுதியவர் அவர். டான்யூப் நதித் தீவில் புதர்கள் மெல்ல நெருங்கிவரும் அந்தக் கதை, பக்கம் பக்கமாகக் கட்டப்பட்ட வாக்கியங்களால்தான் அச்சுறுத்துகிறது. அதைக் கால் மணி நேரத்தில் வாய்மொழியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தவை சின்னச் சின்னச் சம்பவக் கதைகள். மக்கள் நேசித்தது அந்தத் தாத்தாவை. எழுத்தாளர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

ஷெர்லி ஜாக்சனுக்கு வருவோம். இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான்.

‘தி லாட்டரி’ 1948 ஜூனில் ‘நியூ யார்க்கர்’ இதழில் வந்தது. நம் புதுமைப்பித்தன் மறைந்த ஆண்டு அது. ‘காஞ்சனை’யை அவர் குரலில் கேட்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஜாக்சனுக்கு அந்தக் கோடையில் முந்நூற்றுக்கு மேல் கடிதங்கள் வந்தன, பெரும்பாலும் குழம்பியவையும் திட்டியவையும். 1960இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அவர் குரலில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. ‘தி டீமன் லவர்’, ‘தி லாட்டரி’ என்று இரண்டே கதைகள். ஃபோக்வேஸ் என்றால் வுடி கத்ரி, லெட் பெல்லி, நாட்டுப்பாடல்களின் வீடு. ‘டீமன் லவ’ரில் திருமண நாளன்று காணாமல் போகும் மாப்பிள்ளை ஜேம்ஸ் ஹாரிஸின் பெயரே ஒரு பழைய கதைப்பாடலிலிருந்து வந்தது. ஆக, வாய்மொழி மரபுக்காரர்கள் கொண்டாட வேண்டிய தட்டு இது. கேட்டால் ஏமாந்துபோவார்கள். அதில் பாட்டி இல்லை. ஒரு பெண்மணி தாளைப் பார்த்துப் படிக்கிறார்.

எப்படிப் படிக்கிறார்? ‘லாட்டரி’யில் ஊரார் கூடியபின் திரு. சம்மர்ஸ் பட்டியலிலிருந்து பெயர்களைக் கூப்பிடுகிறார். ஆடம்ஸ். ஆலன். ஆண்டர்சன். ஒவ்வொருவராக வந்து கறுப்புப் பெட்டியிலிருந்து மடித்த சீட்டை எடுத்துப் போகிறார்கள். அச்சில் இந்த இடத்தை நாம் எல்லோரும் தாண்டித்தான் போயிருக்கிறோம். பெயர் வரிசையைக் கண் நின்று படிக்காது, அடுத்த உரையாடலுக்குத் தாவிவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு பெயரும் அதற்கான நேரத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். ஜாக்சன் அந்தப் பெயர்களை வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியைபோல வாசிக்கிறார். அவசரமும் இல்லை, அர்த்தமும் ஏற்றவில்லை. ஒரு தேர்ந்த நடிகரால் இது முடியாது என்று நினைக்கிறேன். அவருக்கு முடிவு தெரியும். தெரியும் என்பதை நமக்குக் காட்டாமல் இருக்க அவர் பயின்ற கலை விடாது. மூன்றாவது பெயரிலேயே குரலில் ஒரு நிழல் விழுந்துவிடும். ஜாக்சனுக்கும் முடிவு தெரியும். ஆனால் அந்தச் சுமையை வாக்கியம் தாங்கும் என்று நம்புகிறார், கட்டியவர் அவர் என்பதால். பிறர் கட்டிய பாலத்தில்தான் நாம் காலால் தட்டித் தட்டி நடப்போம்.

சீட்டு விழுந்தவரை அடிக்கக் கற்கள் வரும் இடத்திலும் அதே குரல்தான். சற்று முன்வரை சிரித்துப் பேசிய பக்கத்து வீட்டுக்காரி, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய கல்லாகத் தேடி எடுக்கிறாள். ஜாக்சன் நிறுத்தவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. மளிகைக் கணக்குச் சொல்வதுபோலத் தாண்டிப் போகிறார். முதல்முறை கேட்டபோது பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டேன், அந்த வரி நிஜமாகவே வந்ததா என்று.

எல்லா எழுத்தாளருக்கும் தொண்டை வாய்த்துவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தன் கதையைத் தானே தூங்கவைப்பவர்களைக் கூட்டங்களில் கேட்டு நொந்திருக்கிறேன். நடிகர்களிலும் மைக்கேல் ஹோர்டர்ன் போன்றவர் உண்டு. அவர் கேசட்டில் வாசித்த ஜேம்ஸ் கதைகள் அருமை. காரணம், அவர் அங்கே நடிக்கவில்லை. என் வாதத்துக்கு அவரும் சாட்சிதான்.

ஸ்டீபன் கிங் விஷயம் வேறு. மூக்கிலிருந்து வரும் மெய்ன் மாநிலக் குரல். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1999இல் ‘பிளட் அண்ட் ஸ்மோக்’ என்று மூன்று கதைகளின் தொகுப்பை ஒலிவடிவில் மட்டும் வெளியிட்டார், சிகரெட் பெட்டிபோன்ற உறையில் வைத்து. வியாபாரத் தந்திரம் என்று சிரித்தார்கள். அதிலிருந்த ‘1408’ கதையைக் கேட்டவர்களுக்குச் சிரிப்பு நின்றிருக்கும். பேய் பிடித்த ஹோட்டல் அறைக்குள் போகும் எழுத்தாளன் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் பேசிக்கொண்டே போகிறான். அறை அவனைத் தின்னத் தின்ன, பதிவான பேச்சும் குழறிச் சிதைகிறது. ஓர் எழுத்தாளனின் குரல் நாடாவில் சிதைவதை, இன்னோர் எழுத்தாளர் தம் குரலில் வாசிக்க, நாடாவில் நாம் கேட்கிறோம். 2002 தொகுப்பில் அச்சில் படிக்கும்போது இந்த அடுக்கு காணாமல் போய்விடுகிறது. 2007இல் வந்த படத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது.

‘எல்.டி.ஸ் தியரி ஆஃப் பெட்ஸ்’ 1998இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அவையோர் முன் வாசித்த பதிவு. நாயையும் பூனையையும் வைத்துப் புருஷன் பெண்டாட்டி சண்டை. அரங்கம் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கிறது. கிங் அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் அதிகமாகவே ருசிக்கிறார். டிக்கன்ஸின் மேடை வியாதி எட்டிப்பார்க்கும் இடம் இது. ஆனால் கதை கடைசியில் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகியிருக்கும் என்று திரும்பும்போது அவர் குரல் ஏறவில்லை. சிரித்தவர்கள் சிரித்த வாயோடு மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்று வரும் திகில் ஒலிக்கதைகளில் முதல் வாக்கியத்துக்கு முன்பே காற்று ஊளையிட்டுவிடுகிறது, கதவு கிறீச்சிடுகிறது. அடுத்து ஒருவர் தொண்டையைக் கரகரவென்று ஆக்கிக்கொண்டு வருகிறார். பயப்படும் வேலையை அவர்களே முடித்துவிட்டால் கேட்பவருக்கு என்ன மிச்சம்?

ஜாக்சன் 1965இல், 48 வயதில் இறந்தார். 1987இல் ஃபோக்வேஸை ஸ்மித்சோனியன் நிறுவனம் வாங்கியபோது, அதன் தட்டுகள் எதுவும் கிடைக்காமல் போகக் கூடாது என்பது ஏற்பாடு. அதனால் அந்தக் குரல் இன்றும் கிடைக்கிறது. விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டாம். ‘லாட்டரி’ நடப்பது ஜூன் 27, வெயில் பளிச்சென்று அடிக்கும் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்திலேயே கேளுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து, தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருக்கும்போது.