அரம் ஏறும் பல்

தூத்துக்குடியில் கப்பல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிதான் நினைவுக்கு வரும். ஊர்க்காரர்களுக்கு அதற்கும் மூத்தது தோணி. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போன அந்த மரக்கலத்தைப் பார்க்கிறவர்கள் பாயையும் பாய்மரத்தையும் வியப்பார்கள். என் கண் பலகைப் பொருத்துக்குத்தான் போகும். பஞ்சுத் திரி திணித்துக் கலப்பற்றுப் பார்த்து இடுக்கை அடைக்கலாம். கோணல்மாணலாக அறுத்த விளிம்பை எவ்வளவு பஞ்சு காப்பாற்றும்? பொருத்தின் அழகு ரம்பத்தின் அழகு.

தோணியில் நேர்க்கோடு அபூர்வம். அடிமரமான ஏராவை விட்டு மேலே ஏறினால் விலா எலும்பு போன்ற வங்குகள் வளைகின்றன. அவற்றைத் தழுவும் பலகையின் விளிம்புச் சாய்வும் போகப் போக மாறுகிறது. முன்பு ஈர்வாளின் ஒரு முனையை மேலே ஒருவரும் மறு முனையைக் கீழே ஒருவரும் பிடித்துத் தடியைப் பலகையாக்கினார்கள். இன்று அது மில் வேலை. சாய்வு பார்த்துப் பார்த்து விளிம்பை இழைய வைக்கும்போது மட்டும் கைரம்பத்தை விட்டால் கதியில்லை.

கடையில் ரம்பம் எடுக்கிறவர்கள் பிடியின் பளபளப்பில் மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது பல். நார் ஓடும் வாக்கில் அறுக்கும் ரம்பத்தில் ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி உளி. அங்குலத்துக்கு ஐந்தாறு போதும். நாரைக் குறுக்கே வெட்டுவதில் பல்லின் ஓரங்கள் சாய்வாக ராவப்பட்டுக் கத்திமுனையாக நிற்கும். அங்குலத்துக்கு எட்டோ பத்தோ. ஒன்றே ஒன்றுதான் வாங்குவதென்றால் எட்டுப் பல் ரம்பம் என்பேன். பற்கள் ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமும் சாய்ந்திருப்பதைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். அந்தச் சாய்வுதான் அலகுக்கு வழிவிடுகிறது. ஈர மரத்துக்கு அது கூடுதலாக வேண்டும், இல்லையேல் அலகு சிக்கிக்கொள்ளும். பிறகு அலகை வளைத்து விடுங்கள். கோணாமல் நிமிர வேண்டும்.

பல் நுனி மட்டும் நீலம் பாய்ந்த ரம்பங்கள் இப்போது நிறைய வருகின்றன. நுனியைக் கடினப்படுத்தியதன் அடையாளம் அது. வெகுநாள் மழுங்காது, மழுங்கினால் அரம் ஏறாது, தூக்கி எறிய வேண்டியதுதான். முப்பட்டை அரத்தால் ராவிக்கொள்ளத் தெரிந்தவருக்கு அது கருவியே அல்ல என்பது என் கட்சி.

நம் பழைய தச்சர்கள் தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அணைத்து, ரம்பத்தைத் தம் பக்கம் இழுத்து அறுத்தார்கள். பற்கள் பிடியை நோக்கியிருந்தன. ஜப்பானில் இன்றும் இழுப்புதான். இழுக்கும்போது அலகு விறைப்பாக நிற்பதால் தகடு மெல்லியதாக இருக்கலாம். தள்ளும் ரம்பத்தின் தகடு மெலிந்தால் மடங்கிவிடும். அந்நாட்டுப் படகுத் தச்சர்கள் அடுத்தடுத்த இரு பலகைகளின் இடுக்கிலேயே ரம்பத்தை ஓட்டுவார்கள். ஒரே வீச்சில் இரு விளிம்பும் சீவப்பட்டு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். அளவுகோலுக்கு அங்கே வேலையே இல்லை. ரம்பத்தின் உச்சமான சாமர்த்தியம் எனக்கு அதுதான்.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது தள்ளும் ரகம். முதலில் இரண்டு முறை பின்னுக்கு இழுத்துத் தடம் போடுங்கள். கோட்டின் மேல் அல்ல, கழிவுப் பக்கம். ஆட்காட்டி விரல் அலகின் திசையில் நீண்டிருக்கட்டும், பிடியை இறுக்க வேண்டாம். அமுக்கினால்தான் அறுபடுகிறது என்றால் பல் மழுங்கிவிட்டது. உப்புக்காற்று ஊரில் வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய்த் துணியால் அலகைத் துடைத்துவிடுங்கள்; துருவேறிய தகடு மரத்தில் உரசி உரசிக் கையைத்தான் சோர வைக்கும்.